இடது கைப்பிடி

ஸ்கூட்டர் வாங்கிய பிறகு, என் பழைய பைக்கை விற்கச் சொல்லி மனைவி விடாமல் கேட்டாள். சிறுமலை ஏற அதுதான் சரி என்று காட்ட, ஞாயிறு காலை ஏழு நாற்பதுக்கு அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன். தெருமுனையில் பூக்காரம்மாவிடம் நிறுத்த, ஸ்கூட்டர் பழக்கத்தில் இடது கைப்பிடியை அழுத்தினேன். ஸ்கூட்டரில் அது பிரேக்; பைக்கில் கிளட்ச். வண்டி நிதானமாக உருண்டுபோய்ச் சாமந்திக் கூடையில் முட்டி நின்றது.

"மலை இருக்கட்டும், மொதல்ல தெருவத் தாண்டுங்க" என்றாள் மனைவி.

"கேட்டாத் தரமாட்டேனாண்ணே, பூவுக்கு இம்புட்டு அவசரமா?" என்றார் பூக்காரம்மா.

அன்றைய டைரியில் நடந்ததை அப்படியே எழுதி, பைக்கை விற்றுவிடலாம் என்று முடித்தேன். மறுநாள் பார்த்தால் அடியில் மனைவியின் கையெழுத்து: "பைக் இருக்கட்டும். ஸ்கூட்டர்தான் இவர் கையைக் கெடுக்குது. அதை இனி நான் மட்டும் ஓட்டுவேன்."