வடித்த தண்ணீர்

எங்கள் வீட்டில் வடித்த தண்ணீரைக் கீழே கொட்டுகிற பழக்கம் கிடையாது. சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்போம். முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீரில் பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டால் அதுதான் ரசம். "சத்து பூரா தண்ணிலதான் எறங்குது" என்பாள் அம்மா. பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்காதவள். அவள் சொன்னதையே பிற்பாடு என் அறிவியல் புத்தகமும் சொன்னது. கேழ்வரகுக் கூழும் கீரையும் கொய்யாவும் வாழைப்பழமுமாக வளர்ந்த உடம்பு என்னுடையது. சளி, ஜுரம் என்று படுத்தது குறைவு.

நைனாவும் அதே சாப்பாட்டுக்காரர்தான். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. தூக்குவாளியில் கூழோடு போவார், காலி வாளியோடு வருவார். பிரஷர் இருப்பது தெரியாமலே வருஷங்கள் ஓடிவிட்டன. தெரிந்தபோது இரண்டு கிட்னியும் போயிருந்தது.

டயாலிசிஸ் ஆரம்பித்தபோது, ஆஸ்பத்திரியில் சாப்பாடு பற்றிச் சொல்கிற மேடம் நைனாவையும் என்னையும் உட்காரவைத்துப் பேசினார். இளநீர், வாழைப்பழம், கொய்யா, கீரை, கேழ்வரகுக் கூழ் எதுவும் ஆகாது. மற்றவர்களுக்கு நல்லது செய்கிற பொட்டாசியம், கிட்னி போனவருக்கு ரத்தத்தில் தேங்கி நெஞ்சையே நிறுத்திவிடும். காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு உண்டு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"பொட்டாசியம்னா இன்னாடா?"

"அதுவும் ஒரு சத்துதாம்மா. நைனாவுக்கு அது ஏறக்கூடாது."

"சத்து வேணான்னு எந்த டாக்டர்டா சொல்லுவான்?"

"காய வேகவெச்சி தண்ணிய வடிச்சிடும்மா, அவ்ளோதான்."

"வடிக்கிறேன். அதுக்கு ஏன் கத்துற?"

பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். பொதட்டூர்பேட்டை அத்தை ஒரு சீப்பு வாழைப்பழமும் பை நிறையக் கொய்யாவும் கொண்டுவந்தாள். நைனா தங்கையைப் பார்த்துச் சிரித்தார்.

"வெச்சிட்டுப் போம்மா, கண்ணால துன்னுக்கிறேன். மிச்சத்த படையல்ல வை, அப்ப வந்து துன்றேன்."

"வாயக் கழுவுண்ணா!" என்று அத்தை அடிக்கக் கையோங்கினாள். கண்ணில் தண்ணீர்.

அம்மா சொன்னபடியே செய்தாள். காய் வடிகட்டித்தான் தட்டுக்கு வந்தது. அப்படியும் ஒருநாள் காலை நைனாவால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பொட்டாசியம் ஏறிக் கிடக்கிறது என்றார் டாக்டர். "என்ன சாப்பிட்டீங்க?"

"இளநி சார். ஆசையா இருந்திச்சி" என்றார் நைனா.

டாக்டர் திட்டினார். நானும் திட்டினேன்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அம்மா பிளாஸ்கில் எதையோ ஊற்றி மூடிக்கொண்டிருந்தாள். பூண்டு வாசனை.

"இன்னாம்மா அது?"

"காய் வடிச்ச தண்ணி. தெனம் காத்தால குடுக்கிறதுதான். வெறும் சக்கையத் துன்னுட்டு அவுரு எப்படிடா எழுந்து நடப்பாரு? டாக்டர் சொன்ன தண்ணி அளவுலதான் குடுக்கிறேன், கூட ஒரு சொட்டு இல்ல."

நான் வேலை பார்ப்பது தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில். காலை ஷிப்டுக்கு விடிவதற்குள் கிளம்பிவிடுவேன். எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. பிளாஸ்கை வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் கொட்டினேன். என் வாழ்க்கையில் வடித்த தண்ணீரைக் கொட்டியது அதுதான் முதல் தடவை.

கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். பிளாஸ்கைப் பார்த்ததும் நைனாவுக்குப் புரிந்துவிட்டது.

"அந்த மேடம் சொல்லும்போது நானுந்தானடா கேட்டுகினு இருந்தேன்."

"அப்புறம் ஏன் குடிச்ச?"

"டம்ளர எடுத்துகினு எதுர்ல நிக்கிறாடா. நான் குடிச்சி முடிச்சாதான் அவ டீ குடிக்கிறா." காலி பிளாஸ்கை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "அவகிட்ட சொல்லிடாத. எங்கையாலயே குடுத்தேனேன்னு ஆயுசுக்கும் அழுவா."

டாக்டர் தண்ணீரை இன்னும் குறைக்கச் சொன்னதாக அம்மாவிடம் பொய் சொன்னேன். அவள் நிறுத்தினாள். மனசில்லாமல்தான்.

அதற்குப் பிறகும் நைனா சில மாதங்கள் இருந்தார். ஒருநாள் விடியற்காலையில் நெஞ்சு நின்றுபோனது. அந்தத் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்கப் போய், கேட்காமல் திரும்பினேன். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

படையல் அன்று அத்தை கொய்யா கொண்டுவந்தாள். வாழைப்பழம், சீவிய இளநீர், ஒரு சொம்பு கூழ் என்று அவருக்கு மறுத்ததெல்லாம் இலை நிறைய இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து டம்ளரை ஏந்திக்கொண்டு வந்து இலையோரத்தில் வைத்தாள். முருங்கைக்கீரைத் தண்ணீர். ஆவி வந்துகொண்டிருந்தது.

"எது குடுத்தாலும் குத்தம் சொல்ற மனுசன். இத மட்டும் ஒருநாளும் வேணான்னு சொன்னதில்ல" என்றாள் அத்தையிடம்.

கற்பூரம் அணைந்ததும் அந்த டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"குடிடா. எல்லாச் சத்தும் இதுலதான் கீது."

எதிரில் நின்றுகொண்டிருந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.