கரையை அடைத்த மந்திரியும் அவர் அக்காவும்

எண்பதுகளின் பிற்பகுதியில், கலியாணமான புதிதில், நானும் கணவரும் லண்டனில், ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரி. மால்ட்டாத் தீவிலிருந்து வந்த விதவை. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர் என்று தெரிந்ததும் ஞாயிறு பூசைக்குத் தன்னோடு கூட்டிப்போகத் தொடங்கினார். அவரை அன்ரி என்று கூப்பிட்டோம். அவர் ஆங்கிலத்தில் பேசியதெல்லாம் ஏனோ எனக்கு எங்கள் பேச்சிலேயே நினைவிருக்கிறது.

அன்ரியின் தம்பி மால்ட்டாவில் அரசியல்வாதி. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து, தொழிற்சங்க மேடைகளில் பேசிப் பழகி, இரண்டு தேர்தலில் தோற்று அடுத்ததில் வென்றவர். அவர் பொதுப்பணி மந்திரியானதாகச் செய்தி வந்த அன்று அன்ரி ஒரு தட்டு நிறையப் பற்றிஸ் சுட்டார். பார்க்க எங்கள் ஊரில் மாவை மடித்துச் செய்யும் பற்றிஸ்தான். உள்ளே மட்டும் பாலாடைக்கட்டி. தெருவில் ஒரு வீடு விடாமல் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"என்ர தம்பி மந்திரியாயிட்டான்" என்று வாசலுக்கு வாசல் சொன்னார். பலருக்கு மால்ட்டா எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

அடுத்த இரண்டு வருடங்களும் பெருமையில் போயின. பிறகு அவர்கள் பிறந்த ஊரின் கடற்கரையில் ஒரு ஹோட்டல் கட்ட மந்திரி அனுமதி கொடுத்தார். ஹோட்டல்காரர் எழுப்பிய மதில், வள்ளங்களைக் கரைக்கு இழுக்கும் பாதையை அடைத்துவிட்டது. மீனவர்கள் மறியல் செய்தார்கள். பத்திரிகைகள் திட்டின. சொந்தக் கட்சிக்காரரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அங்கே மீன்பிடிக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் அன்ரிக்குப் போன் எடுத்து அழுதார்கள். தம்பி எடுத்தபோது அன்ரி ரிசீவரை வைத்துவிட்டார். பல மாதம் அப்படியே போனது.

கடைசியில் தம்பி மந்திரிப் பதவியை விட்டு விலகினார். ஒரு குளிர்கால மத்தியானம், ஷிப்ட் முடிந்து நான் வந்தபோது, கதவடியில் ஒரு சூட்கேஸோடு நின்றார். கதவைத் திறந்த அன்ரி அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை.

"வா. சாப்பிடு. பிறகு எனக்குப் பதில் சொல்லு."

என்னையும் குசினியில் சாப்பாட்டு மேசையடியில் இருத்தினார். சாப்பாடு முடிந்ததும் இருவரும் தங்கள் மொழியில் கத்தத் தொடங்கினார்கள். திடீரென அன்ரி ஆங்கிலத்துக்கு மாறினார். "இந்தப் பிள்ளைக்கும் விளங்கட்டும்."

"அக்கா, நீ ஏன் லண்டனுக்கு வந்தனீ? அங்க வேலை இல்லை எண்டுதானே? இப்ப எங்கட ஊர்ப் பெடியள் ஹோட்டலில வேலை செய்யினம். ஒருத்தனும் கப்பலேறேல்லை."

அது உண்மை என்று அன்ரிக்குத் தெரியும்.

"ஓம், வேலை குடு. பாதையை ஏன் அடைச்சனீ?"

"நான் வரைபடத்தை மட்டும்தான் பார்த்தனான். கரைக்குப் போய்ப் பார்க்கேல்லை."

"நீ பிறந்த கரையடா அது!"

அன்ரி எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். தம்பிக்கும் சேர்த்துத்தான் கோப்பை எடுத்தார்.

அவர் மூன்று கிழமை தங்கினார். எங்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, வெளியே வந்த எல்லாருக்கும் கை கொடுத்தார். "மனுசன் ஸ்ட்ரெதமிலயும் எலெக்சன் கேட்கப் போறார் போல" என்று என் கணவர் காதுக்குள் சொன்னார். அன்ரிக்கும் அது கேட்டுவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

ஊருக்குத் திரும்பியவர் மீனவர்களிடம் போய் நின்று ஏச்சு வாங்கினார். அடுத்த தேர்தலில் மயிரிழையில் வென்றார். மந்திரிப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் விடாமல் அலைந்து, ஒரு வள்ளம் போகுமளவுக்கு மதிலை உடைக்க வைத்தார். அந்தக் கோடையில் அன்ரி போய்ப் பார்த்துவிட்டு, வெயிலில் கறுத்துச் சிரித்த முகத்தோடு வந்தார். மீனவர்களில் பாதிப்பேர் தம்பியோடு இன்னும் பேசுவதில்லையாம். "பரவாயில்லை, நான் பேசுறன்தானே" என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அடுத்த தெருவில் வீடு வாங்கிப் போனோம். ஞாயிறுகளில் அன்ரி சாப்பிட வருவார். தம்பி இப்போது பாராளுமன்றத்தில் தண்ணீர்க் குழாயையும் வீதிக் குழியையும் பற்றி மட்டும்தான் பேசுகிறான் என்று குறைப்படுவார். சொல்லிக்கொண்டே, என் மீன்குழம்பை இரண்டாம் தரமும் சோற்றில் ஊற்றிக்கொள்வார்.