வயிற்றைப் பார்க்கும் முன் வாயைப் பார்த்த அக்கா

எங்கள் அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு ஆகிறது. அழுதுகொண்டு எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. "மூக்க உறிஞ்சாதடா" என்பார். ஆகவே பெருமையோடுதான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அம்பத்தூரில். பக்கத்துப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் இயந்திரம் ஓட்டிய எங்கள் அப்பா, கை நசுங்கி வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அப்போது செவிலியர் படிப்பை முடித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அக்கா. என்னைப் படிக்கவைத்தவரும் அவரே. ஆவடிப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கும் செவிலியராகப் பணியாற்றினார்.

அங்கே ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி எடை குறைந்து வந்தாள். "ஒழுங்கா சாப்பிடு" என்று திட்டி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார் அக்கா. அடுத்த வாரம் அந்தப் பெண் கன்னம் வீங்கி, காய்ச்சலோடு வந்தாள். சொத்தைப் பல்லில் சீழ். மெல்ல முடியாமல் பட்டினி கிடந்திருக்கிறாள். பெரிய மருத்துவமனைக்குப் போய்த் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனாலும் அன்று அக்கா சோற்றில் கை வைக்கவில்லை. "வயித்தப் பாத்தேன், எடையப் பாத்தேன். வாயப் பாக்கலையேடா" என்று அழுதார்.

மறுநாளிலிருந்து டார்ச் அடித்து வாயைப் பார்த்த பிறகுதான் வயிறு. பல்லும் ஈறும் எப்படியிருக்கின்றன என்று கர்ப்பிணி அட்டையின் ஓரத்தில் எழுதிவைப்பார். "அது பல் டாக்டர் வேலை" என்று கூட வேலை செய்தவர்கள் முணுமுணுத்தார்கள். நானே "பல்லு சிஸ்டர்" என்று கிண்டல் செய்திருக்கிறேன். அக்கா அசைந்தால்தானே!

மாமியார்கள்தாம் மல்லுக்கு நின்றார்கள். வெள்ளானூர் அம்மா ஒருவர் மருமகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சிஸ்டர்? மாசமா கீற பொண்ணு பல்லுல கை வெச்சா புள்ளைக்கு ஆவாதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"சரிம்மா, அவள உடுங்க. நீங்க மொதல்ல வாயத் தொறங்க."

திறந்தார். கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டிருந்தது. இருவரையும் அக்காவே பல் மருத்துவரிடம் கூட்டிப்போனார். வலி விட்ட அந்த அம்மா, அடுத்த வாரம் தம் தெருவிலிருந்து மூன்று கர்ப்பிணிகளோடு வந்து நின்றார்! அதன்பிறகு யார் வந்தாலும் கூட வந்தவர் வாய்தான் முதலில். அக்கா ஓய்வு பெற்ற நாளில் அந்த நிலையத்துச் செவிலியர் எல்லோர் பையிலும் ஒரு டார்ச் இருந்தது. முணுமுணுத்தவர்கள் பையிலும்தான்.

கடைசி நாட்களில் அக்கா மருத்துவமனையில் சோர்ந்து கிடந்தார். வாயைச் சுத்தம் செய்ய வந்த இளம் செவிலியரிடம் உதட்டைப் பிரிக்கவே மறுத்தார். அக்கா யாரென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அந்தச் செவிலியர் சட்டென்று என் பக்கம் டார்ச்சைத் திருப்பினார்.

"சார், நீங்க மொதல்ல வாயத் தொறங்க. அப்பத்தான் அம்மா தொறப்பாங்க."

"யாரும்மா இத சொல்லிக்குடுத்தது?"

"எங்க வார்டுல எல்லாரும் இப்பிடித்தான் சார் பண்ணுவோம்."

நான் திறந்தேன். அக்காவைப் பார்த்தேன். வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டாய் அக்கா!

அந்தச் செவிலியருக்கும், மருத்துவர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், மருமகளோடும் பேரனோடும் வந்து பெட்டியைத் தொட்டு அழுத வெள்ளானூர் அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நினைவு ஆராதனை முடிந்ததும் யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது. சாப்பிட்டவர்கள் வாய் கொப்பளிக்காமல் போகக் கூடாது. அக்கா பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்புத் தம்பி