கண்ணாடிக் கடையும் மழைத்தண்ணிப் பள்ளமும்

எங்கள் தெருவில் செய்தி வானொலியில் வருவதற்கு முன்பே பலகையில் வந்துவிடும். மட்டக்களப்பு நகரத்தின் நடுவில் இருந்த கடைத்தெரு அது. எங்கள் புடைவைக்கடை உட்பட எல்லாக் கடைகளுக்கும் பலகைக் கதவுதான். ஆள் உயரப் பலகைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்றில் ஒரு இலக்கம். வாசற்படியில் ஒரு நீளப் பள்ளம், மேலே உத்தரத்தில் இன்னொன்று. அவற்றுக்குள் பலகைகளை வரிசையாக இறக்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் தெருவின் ஒரு முனையில் சடசடவென்று பலகை இறங்கத் தொடங்கும். அந்தச் சத்தம் கடைக்குக் கடை தாவி எங்களிடம் வந்து, எங்களையும் கடந்து ஆற்றங்கரை வரைக்கும் போகும். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் கடை பூட்டியாகிவிடும். ஒருமுறை லொறி ரயர் வெடித்ததற்குத் தெரு முழுக்கப் பூட்டிக்கொண்டது. பாவம், லொறிக்காரர் ஜாக்கி கேட்டு ஒவ்வொரு கடையாகத் தட்ட, தட்டுகிற சத்தத்துக்கே எல்லோரும் இன்னும் உள்ளே போய்விட்டார்கள்.

அவசரத்தில் ஆறாம் பலகைக்கு முன் ஏழாம் பலகை போய்விட்டால், கடைசியில் பூட்டுப் போடுகிற பலகை நுழையவே நுழையாது. அதனால் இலக்கத்தைக் கூப்பிட்டுச் சொல்வது மகளான என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. இப்படியொரு பதவி என் வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை என்பதில் எனக்குச் சரியான பெருமை.

பிறகு சண்டை நின்று சமாதான காலம் வந்தது. தெரு மாறத் தொடங்கியது பாருங்கள், அப்படியொரு மாற்றம்! பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒவ்வொரு கிழமையும் ஏதாவது புதிதாக இருக்கும். நான் பிறப்பதற்கு முன்பே எரிந்துபோன கடை ஒன்று எங்களுக்கு எதிரே கூரையில்லாமல் நின்றது. உள்ளே ஆலமரம் வளர்ந்து ஜன்னலால் கை நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அந்தக் கட்டடத்தின் இயற்கை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பார்த்தால் மரத்தைக் காணவில்லை, கூரை இருக்கிறது, அதற்குள் ஒரு கூல்பார், அதற்குள் ஐஸ்கிறீம்! சந்தியில் இருந்த மண்மூட்டைக் காவலரண் போய், அந்த இடத்தில் ஒருவர் இளநீர் குவித்தார். பக்கத்துச் செருப்புக்கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற காத்தான்குடிக்காரர், தன் கடைக்குப் பச்சை நிறம் அடித்தார். அதைப் பார்த்த அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் கடைக்குக் கண்ணாடி முகப்பு வைக்க வேண்டும் என்றார். நிலத்திலிருந்து உத்தரம் வரைக்கும் முழுக் கண்ணாடி. தெருவில் யாரும் வைக்காதது.

கேட்க வேண்டியது அம்மாவிடம். கட்டடம் அம்மாவின் சீதனம். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் போகும்; மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். அதனால் அப்பா ஒரு ஆணி அடிப்பதென்றாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் அடிப்பார்.

“பலகைய என்ன செய்யிற?” என்று அம்மா கேட்டார்.

“வித்துப்போடுவம். பள்ளத்தையும் சீமெந்தால மூடுவம். ஓடிப்போய்ப் பூட்டுற கடைக்கு ஆர் கலியாணச் சீலை எடுக்க வருவாங்க? கண்ணாடி வச்சாத்தான் சனத்துக்கு நம்பிக்க வரும்.”

“சரி, உங்கட விருப்பம்,” என்றார் அம்மா. அவ்வளவு சுலபமாக அம்மா எதற்கும் சரி சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கண்ணாடியை எடுக்க அப்பாவே கொழும்புக்குப் போனார். வழிச் சோதனைச் சாவடியில் சாமான் எல்லாவற்றையும் இறக்கிக் காட்டச் சொல்வார்கள். அதில் கண்ணாடி உடையாமல் வருமா என்பதுதான் அந்தக் கிழமை முழுக்கத் தெருவின் பேச்சு. வந்தது! வைக்கோலும் மரச்சட்டமுமாக, லொறியில், கீறல்கூட இல்லாமல் வந்தது. ஒரு ஆமிக்காரர் அதில் முகம் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, கவனமாகக் கொண்டுபோகும்படி கையைக் காட்டினாராம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லியே தெருவின் பாதிப்பேருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

கண்ணாடி பொருத்த மேசன் மாமா வந்தார். அவர் உண்மையில் எனக்கு மாமா இல்லை, ஊருக்கே மாமா. பழைய பள்ளத்துக்கு ஒரு முழம் உள்ளே தள்ளிக் கண்ணாடி நிற்கும், பள்ளத்தைச் சீமெந்து போட்டு மூடுவது என்பது ஏற்பாடு. அம்மா என்னிடம் பிளேன்ரீயைக் கொடுத்து, காதுக்குள் சொன்னார்:

“மேசன் மாமாட்டச் சொல்லு, அந்தப் பள்ளத்த மூட வேணாமாம் எண்டு. அப்பாவுக்குச் சொல்லிப்போடாத, மனே. மனிசன் ஆசையா நிக்கிறார்.”

நான் போய்ச் சொன்னேன். மேசன் மாமா தேத்தண்ணி சிந்தச் சிந்தச் சிரித்தார்.

“இதத்தான் புள்ள உங்கட அப்பாவும் விடியவே வந்து சொல்லிப்போட்டுப் போறார். பள்ளத்த மூட வேணாமாம், அம்மாவுக்குச் சொல்ல வேணாமாம், அவ பயப்படுவாவாம். நீ ரெண்டு பேருக்கும் ஒண்டும் சொல்லாத, என்ன?”

சொல்லாமல் இருப்பதா! எனக்கு வயிறு வெடித்துவிடும் போல இருந்தது. வீட்டில் இரண்டு பேர் ஒரே இரகசியத்தை வைத்திருக்கிறார்கள், அது ஒரே இரகசியம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சோறு சாப்பிடும்போது இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தேன். பிள்ளைக்குக் கண்ணாடி வந்த புளுகம், சந்தோசம் தாங்கவில்லை என்றார் அப்பா.

கண்ணாடியைத் தூக்கி நிறுத்தத் தெருவில் இருந்த ஆண்கள் எல்லோரும் சாக்குத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அது நிமிர்ந்தபோது, எங்கள் தெரு முழுவதும் எங்கள் கடைக்குள் வந்துவிட்டது. கூல்பார், பச்சைச் செருப்புக்கடை, போகிற சைக்கிள், எல்லாம் உள்ளே. நான் கத்திக்கொண்டு துள்ளினேன். தெருவில் திரிகிற கட்டாக்காலி மாடு ஒன்று வந்து, கண்ணாடிக்குள் நின்ற மாட்டைப் பார்த்துத் தலையைக் குனிந்தது. அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் பாய்ந்தார்.

“முதலாளி, மாட்டுக்கும் சீல காட்டுங்க!” என்றார் நானா. தெருவே சிரித்தது.

வாசற்படிப் பள்ளத்தைப் பார்த்து அம்மா, “இத மூடல்லியா?” என்று கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“மழைத்தண்ணி ஓட வேணும் தானே,” என்றார் அப்பா, எங்கோ பார்த்துக்கொண்டு. “அதுவும் சரிதான்,” என்றார் அம்மா. மேல் பள்ளத்தைப் புதுப் பெயர்ப்பலகை மறைத்திருந்தது. பழைய பலகைகள் பின்னறையில் சாக்கு மூடிக் கிடந்தன. அவற்றை விற்க வேணும் என்று அப்பா அடிக்கடி சொல்வார். ஓம், விக்கத்தான் வேணும் என்பார் அம்மா. ஒருவரும் விற்கவில்லை.

அடுத்தடுத்து எல்லாக் கடைக்கும் கண்ணாடி வந்துவிட்டது. எங்கள் கடையில் கலியாணக் கூட்டம் வந்து சீலை எடுத்தது. பதவி போன கவலைகூட எனக்கு மறந்துபோனது.

பிறகு ஒரு பின்னேரம், தெருவின் முனையில் அந்தச் சத்தம் கேட்டது. பலகைக் கடை மிஞ்சியிருந்தது ஒன்றிரண்டுதான், ஆனாலும் கேட்டது. அப்பா ஒரு பக்கத்தாலும் அம்மா ஒரு பக்கத்தாலும் பின்னறைக்கு ஓடினார்கள். ஆளுக்கொரு முனையில் பிடித்துப் பலகையைத் தூக்கி வந்தார்கள். நான் வாசலில் நின்று “ஒண்டு!” என்று கத்தினேன். என் பதவி திரும்பி வந்துவிட்டது!

ஒன்றாம் பலகை பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஏறி, மழைத்தண்ணிப் பள்ளத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். இதோ, இப்போது இரண்டு பேரும் கண்டுபிடித்துச் சிரிக்கப் போகிறார்கள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா கையை நீட்டி அப்பாவின் சேர்ட்டில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார். “இலக்கத்தச் சொல்லு, மனே,” என்றார் அப்பா. நான்தான் தனியாகச் சிரித்துக்கொண்டு “ரெண்டு!” என்றேன்.

அந்தக் கண்ணாடி கடைசிவரை உடையவில்லை. ஆனால் அன்று நான் எதைப் பார்த்துச் சிரித்தேன் என்பது எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. ஒரே பயத்தை வைத்திருந்த இரண்டு பேர், ஏன் அதை ஒருவருக்கொருவர் ஒளித்தார்கள்?

இப்போது கட்டடம் என் பெயரில் இருக்கிறது. தெருவில் எல்லாம் மாடிக்கடைகள். போன மாதம் வாசலுக்கு மாபிள் பதிக்க வந்தவர்கள் பள்ளத்தை மூடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். என் மகள் அதற்குள் விரலை விட்டுக்கொண்டு, “இது என்னத்துக்கம்மா?” என்றாள்.

“மழைத்தண்ணி ஓட, மனே,” என்றேன்.