எந்தக் கார்டில் என் பெயர்

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போனபோது, நெய்யாற்றின்கரை சப்ளை ஆபீசில் இருந்த அதிகாரியம்மா என்னிடம் முதலில் கேட்டது, "எத்ர நாளாயி இவிடெ தாமசம்?" என்று. நம் கோவில்பட்டிப் பக்கம் தாமசம் என்றால் நேரமாவது. பாறசாலையில் பஸ் கிடைக்கவில்லை, அரை மணி நேரம் ஆகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். "எவ்வளவு நாளா இங்க குடியிருக்கேன்னு கேக்காவ," என்றார் கணவர். எட்டு மாதம். கல்யாணமாகிக் கேரளத்தில் காரோடு என்கிற இந்த ஊருக்கு வந்து அவ்வளவுதான்.

வந்த மூன்றாம் மாதமே துணி துவைக்கும்போது மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். இருதய வால்வு சுருங்கியிருக்கிறது, ஆப்பரேஷன் வேண்டும் என்றார்கள் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில். கொத்தனார் வேலை பார்க்கும் கணவரும் மாமியாரும் ஏழைகளுக்கான பிங்க் ரேஷன் கார்டில் இருக்கிறார்கள். அரசாங்கத்தின் இலவச சிகிச்சை அட்டையும் அவர்களுக்கு உண்டு. என் பெயர் இன்னும் கோவில்பட்டியில், அம்மாவின் கார்டில் இருந்தது. ஒரே பானைச் சோற்றைத் தின்கிற மூன்று பேரில் இரண்டு பேர் ஏழைகள், நான் யாரோ.

அங்கே பெயரை நீக்கினால்தான் இங்கே சேர்ப்பார்கள். அம்மா அழுதாள். நீக்காதே, தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டையில்தான் நீ இருக்கிறாயே, திருநெல்வேலியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை.

நீக்கினேன். அதன்பிறகு பத்தொன்பது நாள் எந்தக் கார்டிலும் நான் இல்லை. நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் அது வால்வா, பயமா என்று தெரியாது. இந்த நேரத்தில் விழுந்தால் எந்த ஊர்க்காரியாக என்னைத் தூக்கிக்கொண்டு போவார்கள்? அட்டை கிடைக்காமலே போனால் என்ன செய்வது என்று கணவரிடம் கேட்டே விட்டேன். "நான் உண்டும்லா," என்றார். அன்றைக்கு அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பெயர் ஏறியது. ஆஸ்பத்திரி கவுண்டரில் கல்யாணச் சான்றையும் புதுக் கார்டையும் பார்த்து, சிகிச்சை அட்டையிலும் என்னைச் சேர்த்தார்கள். ஆப்பரேஷன் முடிந்து இப்போது வாசல்வரை மெல்ல நடக்கிறேன்.

கார்டு முழுக்க மலையாளம். எனக்கு வாசிக்க வராது. அது கைக்கு வந்த அன்று கணவர் மூன்றாவது வரியில் விரலை வைத்து, "இதாக்கும் நீ," என்றார். அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அம்மா போனில் பேசினாள். ரேஷன் கடையில் பழக்கத்தில் மூன்று பேர் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கான அரிசியோடு திரும்பி வந்தாளாம்.