ஓடிபி சொல்லாத ஞாயிறு

அன்று சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்த பிறகு எங்கள் பட்டாபிராம் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் வீட்டுக்காரர், ஆறாவது படிக்கும் எங்கள் மகள், கோவில்பதாகையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், அவள் கையோடு அழைத்து வந்த ஆள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பளபளவென்று ஒரு டேப். பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் படம் போட்டுச் சொல்லித்தரும் ஆப் விற்கிறவர்.

முதலில் மகளுக்கு இலவசமாக ஒரு பரீட்சை வைத்தார். எல்லாம் பின்னக் கணக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கடிகாரம் ஓடியது. அவள் பாதிக்கு மேல் தப்பாகப் போட்டாள். அவர் டேப்பை எங்கள் பக்கம் திருப்பிச் சிவப்புக் கோட்டைக் காட்டினார்.

"ரெண்டு வருஷம் பின்தங்கி இருக்கா சார். இப்பவே புடிக்கலன்னா பத்தாவதுல கஷ்டம்."

அவள் எதிரிலேயே சொன்னார். அவள் பாவாடை ஓரத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

நான் எட்டாவதோடு நின்றவள். கணக்குக்குப் பயந்துதான் நின்றேன், தையல் கம்பெனிக்குப் போய்விட்டேன். மகளும் அப்படி நின்றுவிடுவாளோ என்ற பயம் எனக்குத் தூங்கும்போதும் போகாது. அந்த ஆள் சரியாக அதில் போய் விரலை வைத்துவிட்டார்.

டேப்பும் ஆப்பும் சேர்த்து விலை முப்பத்தாறாயிரம். "மாசம் ரெண்டாயிரம்தான் சார், பதினெட்டு மாசம். லோன் நாங்களே போட்டுடுவோம். போனுக்கு ஒரு ஓடிபி நம்பர் வரும், சொல்லிட்டா முடிஞ்சுது."

வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். மகள் படிப்பு என்றால் யோசிக்கவே மாட்டார். எங்கள் வீட்டில் வங்கிக் கணக்கு என் பேரில்தான். என் ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்து நீட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் என் போன் டிங் என்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் கவலைக்காரி. கேஸ் அடுப்பை மூடினேனா என்று ரயில் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வருகிறவள். கேட்க ஆரம்பித்தேன்.

"நெட் இல்லன்னா ஓடுமா?"

"நெட் வேணும் மேடம்."

"கீழ வுழுந்து ஒடஞ்சா?"

"அது தனி மேடம்."

"புடிக்கலன்னு திருப்பிக் குடுத்தா கடன் நிக்குமா?"

அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"இன்னாமே, போலீஸ்காரன் மாதிரி கேட்டுகினே கீறே?" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "நம்பர சொல்லு அண்ணி! நீ சேந்தா எனுக்கு ஒரு மாசத் தவணை கழிச்சுக்குவாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஈஸ்டருக்கு அவள் வீட்டுக்குப் போனபோது பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. அதே டேப் டிவிக்கு அடியில் கிடந்தது, அதன்மேல் மாத்திரை டப்பா.

"உன் புள்ள அத தொட்றானா?" என்றேன்.

"எங்கண்ணன் சம்பாரிக்குது, தடுக்க நீ யாரு? நீ படிக்காதவ. அதான் படிப்புன்னா உனுக்கு எரியுது!"

"படிக்காதவதான். அதுக்குன்னு என் பொண்ண எதுருல ஒக்கார வச்சு மட்டம் தட்ற ஆளுக்கு என் கையால துட்டு குடுப்பனா? சொல்ல மாட்டேன்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ஓடிபி டைம் முடிஞ்சிடும் மேடம்," என்றார் அவர்.

"முடியட்டும்."

பாஸ்புக்கை நானே எடுத்து பீரோவில் வைத்தேன். நாத்தனார் சாப்பிடாமலே கிளம்பினாள்.

மறுவாரம் ஆவடியில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடைக்குப் போய் அதே கேள்விகளைக் கேட்டேன். கடைக்காரர் பழைய லேப்டாப் ஒன்றில், காசில்லாமல் கிடைக்கும் கணக்கு மென்பொருளை ஏற்றித் தந்தார். நெட் வேண்டாம். லேப்டாப்புக்கு மட்டும் ஏழாயிரம். கடிகாரம் ஓடுமா என்று கேட்டதற்கு, "அத நிறுத்தி வச்சுக்கலாம்மா" என்றார்.

இப்போது மகள் அதில் வட்டத்தை வெட்டி வெட்டிப் பின்னம் போடுகிறாள். தப்பானால் மறுபடி கேட்கிறது, அவ்வளவுதான். நானும் பக்கத்தில் உட்காருகிறேன். கால் பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா என்று எங்களுக்குள் சண்டைகூட நடந்தது. நான்தான் தோற்றேன்.

போன ஞாயிறு நாத்தனார் வந்தாள். வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவும் கடன்தானா அண்ணி?"

"ஆமா."

"ஓடிபி?"

"கேக்கல. மாசாமாசம் தரேன்னு வாயால சொன்னேன். சரின்னுட்டாரு."

அந்தக் கடைக்கு இன்னும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் தர வேண்டும்.