குளத்தில் போட்ட அம்மன்

என் அக்காளுக்குப் பிள்ளை கொடுத்தது ஒரு கல். அவள் வாழ்க்கையைக் கெடுத்ததும் அதே கல்தான் என்று அவள் புகுந்த ஊரில் சொல்வார்கள். கல்லை நான் குறை சொல்ல மாட்டேன். அது பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அந்த ஊர் புதுச்சேரிக்கு மேற்கே இருக்கிறது. பல்லவர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று அங்கே பாதி இடிந்து கிடந்தது. தூணைத் தாங்கும் சிங்கங்கள் கழுத்தளவு மண்ணில் புதைந்திருந்தன. மதிலோரம் ஓர் ஓலைக் கொட்டகைக்குள் அம்மன். இரண்டு பக்கமும் இரண்டு சின்ன உருவங்கள் இருந்ததால் அவளைப் பிள்ளை கொடுக்கிற அம்மன் என்றார்கள். பிள்ளை வேண்டுமென்றால் ஈரப்புடவையோடு சுற்றிவந்து மஞ்சள் அப்ப வேண்டும். பிறந்தால் மறுபடி அப்ப வேண்டும். அப்பியதை யாரும் கழுவக் கூடாது. தலைமுறை தலைமுறையாக மஞ்சளும் எண்ணெயும் ஏறி, மூக்கும் முழியும் தெரியாத உருண்டையாக இருந்தாள். அக்கா பல வருஷம் சுற்றினாள். பெண் பிறந்தது. வாயாலேயே அறுத்துக்கொண்டிருந்த மாமியார்கூட அதற்குப் பிறகு அவளை "கண்ணு" என்று கூப்பிட்டாள்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன மறுவருஷம், பழைய கோர்ட்டு அதிகாரி ஒருவர் காமிராவோடு அந்த ஊருக்கு வந்தார். தமிழர்தான், ஆனாலும் வெள்ளைக்காரத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாருக்கும் அவர் முசே. பழைய சிலை என்றால் அவருக்குப் பித்து. நானும் அன்று லீவுக்கு அங்கே போயிருந்தேன். மஞ்சளைச் சுரண்டினால்தான் படம் எடுக்க முடியும் என்றார் முசே. பூசாரி மாட்டேன் என்றார். இடிந்த கோயிலை எடுத்துக் கட்ட அரசாங்கத்துக்கு எழுதுகிறேன் என்றதும் ஊர் இளகிவிட்டது. புளியும் தேங்காய்நாரும் எடுத்துக்கொண்டு முதலில் போனவள் என் அக்காதான். தன் சாமியின் முகத்தைப் பார்க்கப்போகிற சந்தோஷம் அவளுக்கு.

தேய்க்கத் தேய்க்க அம்மன் வெளியே வந்தாள். சரிந்த வயிறு, தொங்கும் மார்பு, பக்கத்துப் பிள்ளைக்கு மாட்டுத் தலை, மேலே காக்கைக் கொடி, கீழே துடைப்பம். எனக்கென்னவோ அவள் அழகாகத்தான் இருந்தாள். பிள்ளைகுட்டி பெற்று அலுத்த பொம்பளை காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி இருந்தாள்.

முசே துள்ளிக் குதித்தார். "ஆகா! இது மூதேவி! லட்சுமிக்கு மூத்தவ. அந்தக் காலத்துல ராஜாக்களே இவளுக்குக் கோயில் எடுத்துக் கும்பிட்டாங்க. அப்புறமாத்தான் இவள வெளிய தள்ளிட்டாங்க..."

ராஜா கதையை எவன் கேட்டான்? முதல் வார்த்தையோடு ஊரின் காது அடைத்துவிட்டது. மறுநாளே அம்மனைக் கயிறு கட்டி இழுத்துக் குளத்தில் தள்ளினார்கள். அத்தனை காலம் அவளிடம் வரம் வாங்கிய வாய்களே அவளைத் திட்டின. ஊரில் பாதிப் பேர் அவள் கொடுத்த பிள்ளைகள். அது யாருக்கும் நினைவு வரவில்லை. கடைசியாக வரம் வாங்கியது அக்கா. சுரண்டியதும் அவள்தான். அது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கிணறு வற்றியதற்கு, தொட்டிலில் கிடந்த குழந்தை காரணமாம். "மூதேவி குடுத்தது மூதேவியாத்தான் இருக்கும். இட்டுனு போயிடு உன் ஆத்தா ஊட்டுக்கு" என்றாள் மாமியார். மாமா, அவரும் ஒரு ஆம்பளை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி உப்பளத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். மழை பெய்தால் வண்டி கட்டிக்கொண்டு கூப்பிட வருவார் என்று நம்பினாள். மழை பெய்தது. கோயிலை எடுத்துக் கட்டவும் இல்லை, மாமா வரவும் இல்லை.

சில வருஷம் கழித்து, நான் டீச்சரம்மாவாக வேலை பார்த்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சிலை பார்க்க முசே தன் பங்களாவுக்கு அழைத்திருந்தார். தோட்டத்தில் அவள் இருந்தாள். குளத்திலிருந்து எடுத்துவந்து, மேடை கட்டி, மேலே ஓடு வேய்ந்திருந்தார்கள். வீட்டில் வந்து சொன்னேன். அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு மறுநாளே என்னோடு வந்தாள்.

முந்தானையில் முடிந்து வந்த மஞ்சளை அவள் எடுத்ததும் தோட்டக்காரர் ஓடி வந்தார். "தொடாதம்மா. மஞ்சப் பட்டா கல்லு பாழாப்போயிடுமாம். முசே வைவாரு."

அக்கா மஞ்சளைத் திரும்ப முடிந்துகொண்டாள். மகள் யாரும்மா இது என்று கேட்டாள்.

"உன்னக் குடுத்த சாமி."

"இங்க எப்படி வந்துச்சு?"

தோட்டக்காரர் பெருமையோடு சொன்னார். "முசேதான் மாட்டு வண்டி வெச்சு, வைக்கோல் போட்டு, அலுங்காம கொண்டாந்தாரு."

அக்கா சிலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியாடி, இவளுக்கு வண்டி வந்துடுச்சு."